உலை பிரிந்த நாளும் பத்திரம் பதிந்த நாளும்: விவாகரத்து பற்றி ஓர் எளிய விளக்கம்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தப் பேச்சை எடுத்துவிடுகிறார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க ரெண்டு வருஷம்கூட சேர்ந்து இருக்க மாட்டேங்குதுங்க. பொண்ணுங்க சம்பாதிக்க ஆரம்பிச்சதுல இருந்தே இப்படித்தான்." பக்கத்து இலைக்காரர் தலையாட்டுவார். அதற்கடுத்தவர், பாதிக் கல்யாணம் கோர்ட்டில்தான் முடிகிறது என்று எங்கோ படித்ததைச் சொல்வார். அதே பந்தியில், பிரிந்து வந்து அம்மா வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணும் பரிமாறிக்கொண்டிருப்பாள், எல்லாம் அவள் காதில் விழும்.

இந்தப் பேச்சில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒரு கல்யாணம் எப்போது உடைகிறது, அது எப்போது சட்டப்படி முடிகிறது, அதைப் பற்றி வரும் எண்கள் என்ன சொல்கின்றன. மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் காரணமும் விளைவும் தானாகத் தெளியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாகப்பிரிவினையை நினைத்துக்கொள்ளுங்கள்

ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஏதோ மனத்தாங்கல். ஒரு நாள் தம்பி மனைவி பின்கட்டில் தனியாக உலை வைக்கிறாள். அப்புறம் மின்சார மீட்டர் தனியாகிறது, தீபாவளிக்குத் துணி தனித்தனியாக எடுக்கிறார்கள், பேச்சு நின்றுபோகிறது. பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவருக்கு வங்கிக் கடன் தேவைப்படும்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிகிறார்கள்.

அந்தக் குடும்பம் எப்போது பிரிந்தது? உலை பிரிந்த அன்றைக்கு. பத்திரம் எழுதியதால்தான் அண்ணன் தம்பி பிரிந்தார்கள் என்று ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

விவாகரத்து அந்தப் பத்திரம் மாதிரி. திருமணம் முடிந்துவிட்டது என்று நீதிமன்றம் தீர்ப்பு சொல்வதுதான் விவாகரத்து. உறவு உடைவதை இந்தக் கட்டுரையில் முறிவு என்று சொல்கிறேன். முறிவு முன்னால் வரும், விவாகரத்து பின்னால் வரும், பல வீடுகளில் வராமலே போகும்.

எங்கள் அத்தை 1988-ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தார், அப்போது அவருக்கு 24 வயது. மாமா வேறு ஊரில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்தினார். யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. சட்டத்தின் கண்ணில் அத்தைக்கு இன்றைக்கும் கல்யாணமாகி, கணவர் இருக்கிறார். எந்த விவாகரத்துக் கணக்கிலும் அவர் வரமாட்டார்.

அவர் மாதிரி எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் விவாகரத்தானவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 13.6 லட்சம். விவாகரத்து வாங்காமல் பிரிந்து வாழ்பவர்கள் என்று பதிவானவர்கள் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இரண்டிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆண் சீக்கிரம் மறுமணம் செய்துகொண்டு அந்தக் கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறான் என்பது அதற்கு முக்கியமான காரணம்.

ஆக, முறிவு ஒன்று, அதற்கான காகிதம் இன்னொன்று. நம் நாட்டில் காகிதம் இல்லாத முறிவுகள்தான் அதிகம். கோர்ட்டில் வழக்கு கூடினால் குடும்பங்கள் கூடுதலாக உடைகின்றன என்று உடனே அர்த்தமில்லை, ஏற்கெனவே உடைந்தவை கணக்கில் ஏறத் தொடங்கியிருக்கலாம்.

"பாதிக் கல்யாணம் முறிகிறது" என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஒரு பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் எல்கேஜியில் 100 பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதே வருஷம் எல்லா வகுப்புகளிலிருந்தும் சேர்த்து 50 பிள்ளைகள் டிசி வாங்கிக்கொண்டு போனார்கள். எல்கேஜியில் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. டிசி வாங்கிய 50 பேரும் பன்னிரண்டு பதிமூன்று வருஷங்களில் வெவ்வேறு சமயம் சேர்ந்தவர்கள்.

உலகம் முழுக்கச் சுற்றும் அந்த 50 சதவீதக் கதை பெரும்பாலும் இப்படிப் போட்ட கணக்குதான். அமெரிக்காவில் 1981-ல் சுமார் 24 லட்சம் கல்யாணங்கள் நடந்தன, சுமார் 12 லட்சம் விவாகரத்துகள் கொடுக்கப்பட்டன. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பாதி வருகிறது. ஆனால் அந்த 12 லட்சம் ஜோடிகள் 1981-ல் கல்யாணம் செய்தவர்கள் இல்லை, ஐந்து, பத்து, இருபது வருஷத்துக்கு முன்னால் செய்தவர்கள். அதற்கப்புறம் அங்கே மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு இத்தனை விவாகரத்து என்ற அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, அந்தச் செய்தி மட்டும் நம் பந்திக்கு வரவில்லை.

விவாகரத்து விகிதம் என்ற சொல்லைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரில்? மொத்த மக்களில் ஆயிரத்துக்கா, இப்போது கணவன் மனைவியாக இருப்பவர்களில் ஆயிரத்துக்கா, ஒரே வருஷத்தில் கல்யாணம் செய்தவர்களை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்ததிலா? பதில் இல்லாத எண்ணை விட்டுவிடலாம்.

நம் ஊருக்குப் புதிய பழக்கமா?

இல்லை. மேற்கிலிருந்து வந்த வியாதி என்று சொல்பவர்கள் சொந்த ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டாலே போதும். "அத்துவிட்டாச்சு", "தீத்துவிட்டுட்டாங்க" என்று கிராமங்களில் இன்றைக்கும் சொல்கிறோமே, அவை வக்கீல் கொடுத்த சொற்களா? மதுரைப் பக்கம் கள்ளர் சமூகத்தில் ஊரார் முன்னால் துரும்பு கொடுத்தால் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம், நூறு வருஷத்துக்கு முன்பே இது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. மறுமணமும் பல சமூகங்களில் சாதாரணமாக நடந்தது.

1955 இந்துத் திருமணச் சட்டமே, வழக்கப்படி நடந்துவந்த மணமுறிவு செல்லும் என்று 29-ஆம் பிரிவில் ஒப்புக்கொள்கிறது. அதற்கும் முன்னால் 1949-லேயே சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுக்கவும் விவாகரத்துக்கு வழி செய்யவும் தனிச் சட்டம் போட்டது. விவாகரத்து நமக்கு அந்நியம் என்ற எண்ணம், வழக்கமாக மணமுறிவு இல்லாத சில சமூகங்களின் பழக்கத்தை எல்லாருடைய பண்பாடாக எடுத்துக்கொண்டதால் வந்தது என்பது என் கருத்து.

லீவு லெட்டரில் எழுதிய காரணம்

இனி காரணங்களுக்கு வருவோம். பள்ளிக்கூட லீவு லெட்டரில் நாம் என்ன எழுதினோம்? "உடல்நலம் சரியில்லாததால்." வீட்டில் சண்டை, ஃபீஸ் கட்டவில்லை, அப்பா வேலைக்குப் போகவில்லை என்று யாரும் எழுதவில்லை. வாத்தியார் ஏற்றுக்கொள்ளும் காரணத்தை எழுதினோம்.

விவாகரத்து மனுவும் அப்படித்தான். இன்ன இன்ன இருந்தால்தான் விவாகரத்து கேட்கலாம் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதற்குச் சட்டக் காரணம் என்று பெயர். இந்துத் திருமணச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு: வேறொருவரோடு உடலுறவு, கொடுமை, இரண்டு வருஷம் தொடர்ந்து கைவிடுதல், மதம் மாறுதல், கடுமையான மனநோய், ஏழு வருஷமாக உயிரோடு இருக்கும் தகவலே இல்லாமை, இப்படி. இதில் கொடுமை என்பது அடிப்பது மட்டுமில்லை, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு மனத்தைப் புண்படுத்துவதும் அடங்கும்.

"ஆறு வருஷமாக இந்த மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசவில்லை", "என் வேலை போனதிலிருந்து அவள் என்னை மனிதனாகவே பார்க்கவில்லை" என்ற வாக்கியங்களுக்கு அந்தப் பட்டியலில் நேரான இடம் கிடையாது. அதனால் எல்லாமே கொடுமை என்ற தலைப்புக்குள் போய் விழுகிறது, விழும்போது பெரிதாகவும் ஆகிறது. மனுவில் எழுதியதைப் படித்துவிட்டு இவர்கள் பிரிந்தது இதனால்தான் என்று முடிவு கட்டுவது, லீவு லெட்டர்களை எண்ணி ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று சொல்வது மாதிரி.

ஒழுகும் வீடும் அட்வான்ஸ் பணமும்

உண்மைக் காரணம் என்று ஒன்று மட்டும் கிடையாது. இரண்டு தனித்தனி விஷயங்கள் சேர்ந்துதான் விவாகரத்து உண்டாகிறது.

வாடகை வீடு ஒன்று மழைக்கு ஒழுகுகிறது. மேல்மாடியில் இருப்பவர் ஒரே மழைக்காலத்தில் காலி செய்துவிட்டார். கீழே இருப்பவர் பன்னிரண்டு வருஷமாகப் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். கீழ்வீட்டில் ஒழுகவில்லையா? ஒழுகியது. அவரிடம் வேறு வீட்டுக்குக் கொடுக்க அட்வான்ஸ் பணம் இல்லை. பன்னிரண்டாவது வருஷம் சம்பளம் கூடி அவரும் கிளம்பினால், சம்பளம் கூடியதால்தான் கூரை ஒழுகியது என்று சொல்வோமா?

கல்யாணத்தில் ஒழுகல் என்பது உள்ளே இருக்கும் வேதனை. அட்வான்ஸ் என்பது வெளியே வருவதற்கு ஆகும் விலை: கையில் வருமானம் இருக்கிறதா, திரும்பிப் போக அம்மா வீட்டுக் கதவு திறக்குமா, தங்கச்சி கல்யாணம் பாக்கி இருக்கிறதா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே, ஊர் என்ன சொல்லும். வேதனை அந்த விலையைத் தாண்டும்போது ஆள் வெளியே வருகிறார். வேதனை கூடாமலேயே, விலை மட்டும் குறைந்தாலும் வெளியே வருவார்.

பெண்கள் சம்பாதிக்க ஆரம்பித்ததால் விவாகரத்து கூடுகிறது என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது என்று நானும் சொல்வேன். வருமானம் விலையைக் குறைத்தது. கூரையை ஓட்டை போட்டது அது இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நூறில் முப்பத்தெட்டு. அந்த 38 பேரில் மிகப் பெரும்பாலோர் எந்தக் கோர்ட் வாசலையும் மிதிக்கவில்லை. பந்தியில் பெருமையாகச் சொல்லப்படும் "அந்தக் காலத்துக் கல்யாணங்கள் நிலைத்தன" என்ற பேச்சின் அடியில் இப்படிப் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஒழுகலுக்கு வருவோம். குடி, அடி, கல்யாணத்துக்கு அப்புறமும் ஓயாத சீர் கேட்டல், சந்தேகம், வேறு உறவு, இவையெல்லாம் பழையவை. சில புதியவை. முன்பு கல்யாணம் என்பது இரண்டு குடும்பங்களின் ஏற்பாடு. கணவன் மனைவி இருவரும் மனம் விட்டுப் பேசினார்களா என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள், மனைவியின் அழுகையைக் கேட்க ஓரகத்தியோ நாத்தனாரோ இருந்தாள், கணவனுக்குத் திண்ணை இருந்தது. இன்றைக்கு சென்னையிலோ கோவையிலோ இரண்டு படுக்கையறை வீட்டில் இரண்டே பேர். நண்பன், ஆறுதல், பணத்துணை, படுக்கைத்துணை, பிள்ளை வளர்க்கும் கூட்டாளி எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கிறோம், ஆனால் அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை மட்டும் பெரும்பாலும் பழையபடி ஜாதகம், சாதி, சம்பளம் என்றே இருக்கிறது. கேட்கும் பொருள் மாறிவிட்டது, தேடும் கடை மாறவில்லை.

வீட்டு வேலையும் அப்படித்தான். இருவரும் ஏழு மணிக்கு வேலையிலிருந்து வருகிறார்கள், ஒருவர் சோபாவுக்கும் ஒருவர் அடுப்படிக்கும் போகிறார்கள். ஒரு நாள் இது சின்ன விஷயம், மூவாயிரம் நாள் இது சின்ன விஷயம் இல்லை. பெற்றவர்கள் தலையீடும் இப்போது போன் வழியாக நாள் முழுவதும் வருகிறது, பெண் வீட்டிலிருந்தும் மாப்பிள்ளை வீட்டிலிருந்தும். படுக்கையறைப் பிரச்சினையை யாரிடமும் சொல்ல முடியாமல், டாக்டரிடம் போக வெட்கப்பட்டு, "அட்ஜஸ்ட் ஆகவில்லை" என்ற ஒரே வார்த்தைக்குள் புதைத்துவிடுகிறவர்களும் உண்டு. முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் முறியும் கல்யாணங்களைப் பற்றி "பொறுமையே இல்லை" என்று பேசும்போது இதையும் நினைக்க வேண்டும். மறைத்துச் செய்துவைத்த நோய், மனமில்லாமல் கட்டாயப்படுத்திச் செய்துவைத்த கல்யாணம், இவற்றுக்குப் பொறுமை மருந்தாகாது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: உள்ளே வேதனை, வெளியே வர ஆகும் விலை, இந்த இரண்டும்தான். சட்டக் காரணம் கடைசியில் ஒட்டும் சீட்டு.

கோர்ட்டில் என்ன நடக்கிறது

இதை நீட்ட வேண்டியதில்லை. இரண்டு வழிகள். ஒருவர் மற்றவர் மீது சட்டக் காரணம் சொல்லி வழக்குப் போடுவது ஒன்று, அது வருஷக்கணக்கில் இழுக்கும். இருவரும் சேர்ந்து "முடித்துக்கொள்கிறோம்" என்று மனு கொடுப்பது மற்றொன்று, இதுதான் பரஸ்பர சம்மத விவாகரத்து. 1976 திருத்தத்தில் வந்த 13பி பிரிவு. ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்ததும் மனம் மாறுமா என்று பார்க்க ஆறு மாத அவகாசம் உண்டு, சமரசத்துக்கு வழியே இல்லையென்றால் அந்த ஆறு மாதக் காத்திருப்பு வேண்டாம் என்று நீதிமன்றம் விட்டுக்கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. இனி ஒட்டவே ஒட்டாது என்ற நிலை மட்டுமே இருந்தால் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தில் கல்யாணத்தை முடித்துவைக்கலாம் என்று 2023-ல் தீர்ப்பு வந்தது. அந்த அதிகாரம் குடும்ப நீதிமன்றத்துக்குக் கிடையாது, செய்தியைப் பாதி படித்துவிட்டு இதில் குழம்பியவர்கள் நிறைய. கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்குத் தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன.

விளைவுகள்: எது எதனால்?

விளைவுகளைப் பேசும்போதும் பழைய குழப்பம் திரும்ப வருகிறது. முறிவின் விளைவு எது, விவாகரத்தின் விளைவு எது, இழுத்தடிப்பின் விளைவு எது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் விவாகரத்தின் தலையில் போடுகிறோம்.

பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடகை, ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு ஃபிரிட்ஜ் இரண்டாகிறது, ஆகவே இருவருமே கொஞ்சம் ஏழையாகிறார்கள். பிள்ளைக்காக வேலையை விட்டவர் அதிகம் ஏழையாகிறார், அது பெரும்பாலும் மனைவி. அதை ஈடுகட்டத்தான் ஜீவனாம்சம், அதாவது தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத துணைக்குக் கொடுக்க வேண்டிய வாழ்க்கைச் செலவு. பெண் கேட்டால் பாதிச் சொத்து போய்விடும் என்று இளைஞர்கள் பயப்படுகிறார்கள். சொத்தைத் தானாகப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் சட்டம், கோவா மாதிரி விதிவிலக்குகளைத் தவிர, இந்தியாவில் இல்லை. ஜீவனாம்சத்துக்கும் நிலையான சதவீதம் கிடையாது, இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது, அதைப் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். இந்துத் திருமணச் சட்டத்தில் கணவனும் கேட்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எல்லாரும் பதறுகிறோம், பதறுவதும் சரிதான். பால் அமாட்டோ என்ற சமூகவியலாளரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் அமெரிக்கக் குடும்பங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 1995-ல் சொன்ன முடிவு இந்தக் குழப்பத்தை நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. ஓயாமல் சண்டை நடந்த வீடுகளில், பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் பெரியவர்களானபோது சேர்ந்தே சண்டை போட்டவர்களின் பிள்ளைகளைவிட நன்றாக இருந்தார்கள். சண்டை அதிகம் தெரியாத வீடுகளில் திடீரென்று பிரிந்தபோது பிள்ளைகள் அதிகம் உடைந்துபோனார்கள். அதாவது பிள்ளைக்காகச் சேர்ந்திருங்கள் என்ற அறிவுரை ஒரு வீட்டில் சரி, இன்னொரு வீட்டில் தவறு. எந்த வீடு என்று பார்க்காமல் சொல்லக்கூடாது.

சட்டப்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கும், அதற்கு மேல் பிள்ளையின் நலனே முதல் அளவுகோல். காகிதத்தில் இவ்வளவுதான். நடைமுறையில் பிள்ளையை அதிகம் காயப்படுத்துவது தீர்ப்பு வருவதற்கு முந்தைய வருஷங்கள்: வாய்தா வாய்தாவாக அலைவது, அப்பாவைப் பார்க்கக் கோர்ட் வளாகத்தில் ஒரு மணி நேரம் காத்திருப்பது, இரண்டு பக்கமும் மற்றவரைப் பற்றிக் குறை கேட்பது. இதை விவாகரத்தின் விளைவு என்று எழுதிவிடுகிறோம், இது இழுத்தடித்ததன் விளைவு.

அப்புறம் சொல். பிரிந்து வந்த பெண்ணுக்கு "வாழாவெட்டி" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஆணுக்கு அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை, நான் தேடிப் பார்த்தேன். வாடகைக்கு வீடு கேட்டால் "வீட்டுக்காரர் எங்கே" என்ற கேள்வி, வளைகாப்பில் வளையல் போட அழைக்காமல் தாண்டிப் போவது, இவையெல்லாம் நீதிமன்றம் கொடுத்த தண்டனை இல்லை, நாம் கொடுப்பது. வெளியே வருவதற்கு ஆகும் விலையில் பெரிய பங்கு இதுதான்.

2011 கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு ஓர் ஆசிரியை வந்தார். திருமண நிலை என்ற கேள்விக்குக் கல்யாணமானவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்தானவர் என்று தனித்தனியே பதில் இருந்தது. அத்தை திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டு, "கல்யாணமானவங்க, எழுதிக்கோங்க டீச்சர்" என்றார். அத்தை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்பு வரப்போகிறது. இந்த முறை பதிலை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று போன வாரம் என்னிடம் சொன்னார்.